கடுகளவு சிப்புக்கு ஜாதகம் பார்ப்பது எப்படி: ஆர்எஃப் ஸ்விட்ச் டேட்டாஷீட்டைப் படித்தல்

சோழவந்தானுக்கு எதிரே, வைகையின் தென்கரைப் பக்கம் என் மாமாவுக்குக் கொஞ்சம் கொடிக்கால் இருக்கிறது. வெற்றிலைக்குத் தண்ணீர் தப்பக்கூடாது, ஆனால் கிணற்று மோட்டாருக்கு வேண்டிய மும்முனை மின்சாரம் எந்நேரம் வரும் என்று காத்துக் கிடப்பதே அவருக்கு ஒரு வேலையாக இருந்தது. அதனால் மோட்டார் அறையில் ஒரு சின்னப் பெட்டி வைத்தேன். மூன்று பேஸும் வந்தால், லோரா என்ற, குறைந்த சக்தியில் நெடுந்தூரம் போகும் ரேடியோ வழியாக ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வீட்டுக்குச் சொல்லிவிடும். அந்த முதல் பெட்டி இரண்டு வருடமாக ஓடுகிறது. அடுத்த கிணற்றுக்குச் செய்த இரண்டாவது பெட்டியோ கொடிக்கால் வேலியையே தாண்டவில்லை. "என்ன மாப்ள, புதுப் பெட்டி ஊமையா இருக்கு" என்றார் மாமா. அதே சர்க்யூட், அதே போர்டு, அதே புரோகிராம். மாறியது ஒன்றே ஒன்று: ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் கடுகைவிடச் சற்றுப் பெரிதாக உட்கார்ந்திருக்கும் ஆறு கால் ஸ்விட்ச். பழையது ஸ்டாக் இல்லை என்றதும், அதே அளவு, அதே கால் எண்ணிக்கை உள்ள வேறொன்றை வாங்கிப் போட்டிருந்தேன்.

அந்த ஒரு தப்பில் மூன்று வாரம் போனது. சிப்பைப் பற்றிக் கம்பெனி கொடுக்கும் விவரத்தாளை, அதாவது டேட்டாஷீட்டை, ஒழுங்காகப் படித்திருந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன். லோரா, ஜிக்பி, வைஃபை போர்டு எதுவாக இருந்தாலும், சொந்தமாகப் போர்டு வரைகிறவர்களுக்கும் பழுது பார்க்கிறவர்களுக்கும் உதவும்.

முதலில் இந்த ஆர்எஃப் ஸ்விட்ச், அதாவது ரேடியோ அலையைத் திருப்பிவிடும் ஸ்விட்ச், என்ன செய்கிறது என்று பார்ப்போம். ரேடியோ சிப்பில் அனுப்பும் கால் வேறு, வாங்கும் கால் வேறு, ஆன்டெனா மட்டும் ஒன்று. அனுப்பும்போது ஆன்டெனாவை அந்தப் பக்கமும், கேட்கும்போது இந்தப் பக்கமும் திருப்பிவிட வேண்டும். வாய்க்காலில் மடை திருப்புவதுதான், வேறொன்றும் இல்லை. ஒரு பொதுக்கால், இரண்டு கிளைக்கால். டேட்டாஷீட்டில் இதற்கு எஸ்பிடிடி என்று பெயர். மடை திருப்பத் தெரிந்தவர்களுக்கு மீதியும் எளிதில் புரியும். திறந்த வாய்க்காலில் போகிற வழியில் மண் குடித்துவிடும் தண்ணீர் இருக்கிறதே, அது இன்சர்ஷன் லாஸ். அடைத்த மடையிலும் சொட்டுச் சொட்டாகக் கசியாமல் இருக்கிற திறமை, அது ஐசொலேஷன்.

முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பதை மட்டும் வைத்துச் சிப் வாங்காதீர்கள். அது கல்யாணத் தரகர் சொல்லும் பேச்சு. ஜாதகம் உள்ளே அட்டவணையில் இருக்கிறது. அந்த அட்டவணையிலும் எண் இருக்கும் பத்தியைவிட முக்கியமானது "நிபந்தனை" என்ற பத்தி. எந்த அலைவரிசையில், எத்தனை வோல்ட்டில், எந்த வெப்பநிலையில், எத்தனை ஓம் சுமையில் அளந்தார்கள் என்பதெல்லாம் அங்கேதான். நிபந்தனை இல்லாத எண்ணுக்கு மதிப்பே கிடையாது.

அலைவரிசையை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டில் லோராவுக்கு உரிமம் இல்லாமல் பயன்படுத்தக் கிடைப்பது 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டை (2005 விதியில் 867 வரை இருந்தது, 2021இல் நீட்டினார்கள்). விதிப்படி அனுப்பும் கருவி 1 வாட் வரை, ஆன்டெனாவும் சேர்ந்த கதிர்வீச்சு 4 வாட் வரை. இணையத்தில் விற்கும் பல போர்டுகள் 915 என்று அமெரிக்கக் கணக்கில் வருகின்றன. அந்தப் பக்கம் இங்கே செல்பேசிக்காரர்களின் இடம், போகாதீர்கள். ஸ்விட்சைப் பொறுத்தவரை 865க்கும் 915க்கும் பெரிய வித்தியாசம் இல்லை, அது அகலமான பட்டையில் வேலை செய்யும். பக்கத்தில் இருக்கும் ஃபில்டரும் மேட்சிங் காயில்களும்தான் மாற வேண்டும். டேட்டாஷீட்டில் "10 மெகாஹெர்ட்ஸ் முதல் 3 கிகாஹெர்ட்ஸ் வரை" என்று இருந்தால் அந்த முழு அகலத்திலும் ஒரே மாதிரி ஓடும் என்று அர்த்தம் இல்லை, ஏதோ ஒரு விதத்தில் ஓடும் என்று மட்டும்தான் அர்த்தம். மேல் முனைக்குப் போகப் போகக் கசிவு கூடும், கீழ் முனைக்கு வர வரத் தாங்கும் சக்தி குறையும்.

எடுத்துக்காட்டுக்கு, லோரா வட்டாரத்தில் ரொம்பப் புழங்கும் பிஇ4259. பெரெக்ரின் என்ற கம்பெனியின் சரக்கு. அந்தக் கம்பெனி 2018இல் பிசெமி என்று பெயர் மாற்றிக்கொண்டது, எனவே பழைய டேட்டாஷீட்டில் ஒரு பெயரும் புதியதில் ஒரு பெயரும் இருந்தால் போலி என்று பயப்பட வேண்டாம். இதற்கு 1 கிகாஹெர்ட்ஸில் இன்சர்ஷன் லாஸ் சுமார் 0.35 டெசிபெல், ஐசொலேஷன் சுமார் 30 டெசிபெல். அதே சிப்பை 2 கிகாஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோனால் ஐசொலேஷன் 20 பக்கம் வந்துவிடும். 30க்கும் 20க்கும் பத்துதானே வித்தியாசம் என்று நினைத்துவிடாதீர்கள். டெசிபெல் கணக்கில் பத்து குறைந்தால் கசிவு பத்து மடங்கு கூடியது என்று பொருள். 30 என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு கசிகிறது, 20 என்றால் நூற்றில் ஒரு பங்கு.

ஏன் இப்படி? உள்ளே இருப்பது சாதாரண டிரான்சிஸ்டர்தான். திறந்திருக்கும்போது அது சின்ன ரெசிஸ்டர், மூடியிருக்கும்போது சின்னக் கெபாசிட்டர். 4 ஓம் ரெசிஸ்டர் 50 ஓம் பாதையில் தொடராக நின்றால் இழப்பு 0.34 டெசிபெல் வரும், கணக்குப் போட்டுப் பாருங்கள். 0.1 பைக்கோஃபாரட் கெபாசிட்டர் 866 மெகாஹெர்ட்ஸில் சுமார் 1,840 ஓம், 2.45 கிகாஹெர்ட்ஸில் வெறும் 650 ஓம். அலைவரிசை ஏற ஏற அடைத்த மடை தானாகவே இளகிக்கொடுக்கிறது. டிரான்சிஸ்டரைப் பெரிதாகச் செய்தால் ரெசிஸ்டர் குறையும், ஆனால் கெபாசிட்டர் கூடும். இரண்டையும் ஒருசேர எவனாலும் சும்மா கொடுக்க முடியாது. ஒரு டேட்டாஷீட் இரண்டையும் அள்ளிக் கொடுப்பதாகச் சொன்னால் நிபந்தனைப் பத்தியை இன்னொரு முறை பாருங்கள்.

இன்சர்ஷன் லாஸ் 0.35 என்றால் கையில் எவ்வளவு போகிறது? நூற்றுக்கு எட்டுப் பங்கு. எஸ்எக்ஸ்1262 என்ற லோரா ரேடியோ சிப்பின் உச்சம் 22 டிபிஎம் (1 மில்லிவாட்டுக்கு மேல் எத்தனை டெசிபெல் என்ற கணக்கு), அதாவது 158 மில்லிவாட். அதில் 12 மில்லிவாட் ஸ்விட்சிலேயே சூடாகப் போகும். கேட்கும் பக்கம் இன்னும் கொஞ்சம் வலிக்கும், ஏனென்றால் அங்கே ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் தொலைந்த ஒவ்வொரு டெசிபெலும் அப்படியே இரைச்சல் கணக்கில் ஏறிவிடும். அனுப்பும் பெட்டியில் ஒரு ஸ்விட்ச், வாங்கும் பெட்டியில் ஒரு ஸ்விட்ச், ஆக ஒரு செய்திக்கு இரண்டு இழப்பு. வெட்டவெளியில் 1 டெசிபெல் போனால் தூரத்தில் பத்து சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே போகும். கொடிக்காலில் வெட்டவெளி எங்கே இருக்கிறது? அகத்தி வரிசை வரிசையாக நிற்கும், அதில் வெற்றிலை சுற்றிக் கிடக்கும், எந்நேரமும் ஈரம். அங்கே அரை டெசிபெல்லுக்கும் நான் கஞ்சத்தனம் பார்ப்பேன். மாடியில் இருந்து மாடிக்கு அனுப்புகிறவர்கள் இவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை.

ஐசொலேஷனில் ஒரு பொறி உண்டு. பொதுக்காலில் இருந்து அடைத்த கிளைக்கு எவ்வளவு கசிகிறது என்பது ஒரு எண், ஒரு கிளையில் இருந்து இன்னொரு கிளைக்கு எவ்வளவு என்பது வேறொரு எண். சில டேட்டாஷீட்டில் இரண்டும் இருக்கும், சிலதில் அழகாக இருப்பதை மட்டும் போடுவார்கள். நமக்கு வேண்டியது, அனுப்பும்போது வாங்கும் காலில் எவ்வளவு போய் விழுகிறது என்பது. 22 டிபிஎம் அனுப்பி 30 டெசிபெல் ஐசொலேஷன் இருந்தால் மைனஸ் 8 டிபிஎம், சுமார் 0.16 மில்லிவாட். நேராக ரேடியோ சிப்புக்குள் போனால் பாதகம் இல்லை. ஆனால் நடுவில் 1 வாட் பவர் ஆம்ப்ளிஃபையரும், கேட்கும் பக்கம் மெலிந்த சிக்னலைப் பெருக்கித் தரும் தனி எல்என்ஏவும் வைத்திருந்தால் கதை வேறு. அப்போது 1 மில்லிவாட் உள்ளே போகும். அந்த எல்என்ஏவின் டேட்டாஷீட்டில் உச்ச உள்ளீடு எவ்வளவு என்று பார்க்காமல் போர்டு ஆர்டர் போடாதீர்கள்.

ரிட்டர்ன் லாஸ் என்பது, அனுப்பிய அலையைவிட மோதித் திரும்பும் அலை எவ்வளவு குறைவு என்ற அளவு. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. 15 டெசிபெல்லுக்கு மேல் இருந்தால் சரி. அடைத்த கிளையை உள்ளேயே 50 ஓமில் முடித்துவைக்கும் ஸ்விட்சும் உண்டு, முடிக்காமல் விட்டுவிடும் ஸ்விட்சும் உண்டு. நம் வேலைக்கு இரண்டாவது போதும், விலையும் குறைவு.

இனி, எவ்வளவு தாங்கும் என்ற கேள்வி. பி1டிபி என்று ஓர் எண் இருக்கும். அதற்கு மேல் ஏற்றினால் 1 டெசிபெல் அளவுக்கு நசுங்க ஆரம்பிக்கும் என்ற எல்லை. பிஇ4259க்கு 3 வோல்ட் பக்கம் இது 33 டிபிஎம் சுற்றளவில், அதாவது சுமார் 2 வாட். 22 அனுப்பும் நமக்கு 11 டெசிபெல் மிச்சம், தாராளம்தானே? தாராளம்தான், ஆனால் இரண்டு விஷயத்தைக் கழித்துவிட்டுத் தாராளம் என்று சொல்லுங்கள். ஒன்று, வோல்ட் குறைந்தால் இந்த எண்ணும் குறையும். பேட்டரி இறங்கும் நேரத்தில் எவ்வளவு இருக்கும் என்று வேறொரு வரியில் இருக்கும், தேடிப் பாருங்கள். இன்னொன்று ஆன்டெனா. எங்கள் பக்கம் வயலில் மயில் அதிகம், மோட்டார் அறைக் கூரையில் நிற்கும் ஆன்டெனாவை அது தனக்கென்று நட்டுவைத்த கழி என்று நினைத்துக்கொள்ளும். ஒருநாள் ஆன்டெனா கழன்று தொங்கியது. அப்படித் துண்டித்த நிலையில் அனுப்பினால் போன அலை முழுக்கத் திரும்பி வந்து ஸ்விட்சின் மேல் மின்னழுத்தம் இரண்டு மடங்காகும். சக்திக் கணக்கில் 6 டெசிபெல் கூடியது போல. 22 போய் 28 ஆகிவிடும். அப்போதும் 33க்குள் இருக்கிறோம், ஆனால் 1 வாட் கட்டுகிறவர்களுக்கு 30 போய் 36, எல்லையைத் தாண்டிவிட்டது.

"உச்சபட்ச எல்லை" அட்டவணை வேறு, "இயக்க வரம்பு" அட்டவணை வேறு. முதலாவது, சிப் சாகாது என்ற உறுதி. இரண்டாவது, சிப் ஒழுங்காக வேலை செய்யும் என்ற உறுதி. இரண்டையும் குழப்பிக்கொண்டு 4 வோல்ட் தாங்கும் என்று போட்டிருக்கிறதே என்று லித்தியம் பேட்டரியை நேராகக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். முழுதாகச் சார்ஜ் ஏறிய 18650 செல் 4.2 வோல்ட். இடையில் ஒரு 3.3 வோல்ட் ரெகுலேட்டர் போடுங்கள், அல்லது ஸ்விட்சின் சப்ளையை மைக்ரோகன்ட்ரோலரின் ஒரு காலில் இருந்தே கொடுங்கள். இந்த வகைச் சிப்புகள் இழுப்பது மைக்ரோஆம்பியர் கணக்கில்தான், அதனால் கால் தாங்கும். தூங்கும்போது அதையும் அணைத்துவிடலாம். ஆனால் சப்ளையை அணைத்துவிட்டுக் கன்ட்ரோல் காலை மட்டும் உயரே வைத்திருக்காதீர்கள், கன்ட்ரோல் வழியாகவே சிப் அரைகுறையாக உயிர் பிடித்துக்கொள்ளும்.

கன்ட்ரோல் காலுக்கு எத்தனை வோல்ட்டை "உயர்ந்தது" என்று எடுத்துக்கொள்ளும் என்று ஒரு வரி இருக்கும். 1.8 வோல்ட் மைக்ரோகன்ட்ரோலர் வைத்திருப்பவர்கள் அதைப் பாருங்கள். கன்ட்ரோலின் எந்த நிலைக்கு எந்தக் கிளை திறக்கும் என்று சொல்லும் ட்ரூத் டேபிளைப் பாருங்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? வேண்டும். உயர்ந்தது என்றால் ஒன்றாம் கிளை என்பது எழுதப்படாத சட்டம் ஒன்றும் இல்லை, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சில சிப்புக்கு ஒரே கன்ட்ரோல் கால், சிலதற்கு ஒன்றுக்கொன்று எதிராக ஆட வேண்டிய இரண்டு கால். இரண்டு கால் உள்ளதில் இரண்டையும் ஒரே நிலையில் வைத்தால் என்ன ஆகும் என்று ட்ரூத் டேபிள் பெரும்பாலும் சொல்லாது, சொல்லாததைச் செய்யாதீர்கள். எஸ்எக்ஸ்1262 பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு வசதி: அதன் டிஐஓ2 காலை ஸ்விட்ச் கன்ட்ரோலாக அமைத்துவிட்டால் அனுப்பும்போது தானே உயரும், மற்ற நேரம் தாழ்ந்திருக்கும்.

மாறும் வேகம் மைக்ரோவினாடிகளில் இருக்கும், லோராவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஒன்றை மட்டும் கவனித்தால் போதும். முதலில் மடையைத் திருப்பி, அப்புறம்தான் தண்ணீரைத் திறக்க வேண்டும். சக்தி ஓடிக்கொண்டிருக்கும்போதே திருப்பினால் சிப் தாங்கும் அளவு குறைவு, சில டேட்டாஷீட்டில் அதற்குத் தனி எண்ணே உண்டு.

சரி, என் இரண்டாவது பெட்டி ஏன் ஊமையானது என்ற கதைக்கு வருவோம். இந்த ஸ்விட்சுகளில் பெரும்பாலும் இரண்டு சாதி. பிஇ4259 மாதிரி சிலிக்கானில் செய்த சிமாஸ் வகை ஒன்று, கேலியம் ஆர்சனைடு என்ற வேறு பொருளில் செய்த வகை இன்னொன்று. ஸ்கைவொர்க்ஸின் ஏஎஸ்179-92 போன்றவை இரண்டாவது வகை, 20 மெகாஹெர்ட்ஸ் முதல் 3 கிகாஹெர்ட்ஸ் வரை ஓடுபவை. இரண்டும் ஒரே ஆறு கால் எஸ்சி-70 உடம்பில் கிடைக்கும். நான் மாற்றிப் போட்டதும் கேலியம் ஆர்சனைடு வகையில் ஒன்றுதான். என் போர்டில் கன்ட்ரோலுக்கு இரண்டு கோடு இருந்தன, பேட் பொருந்தியது, ட்ரூத் டேபிளும் ஒத்துப்போனது. இனி என்ன என்று சால்டர் வைத்துவிட்டேன். டேட்டாஷீட்டின் கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தில், மாதிரி சர்க்யூட்டின் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி: எல்லா ஆர்எஃப் காலிலும் டிசி தடுக்கும் கெபாசிட்டர் வேண்டும்.

அந்த வரி சும்மா எழுதப்பட்டது இல்லை. கேலியம் ஆர்சனைடு டிரான்சிஸ்டர், கேட் என்ற அதன் கன்ட்ரோல் முனைக்கும் ஆர்எஃப் போகும் வழிக்கும் ஒரே வோல்ட் இருந்தால் திறந்தே கிடக்கும், மூட வேண்டுமானால் கேட் வழியைவிடத் தாழ்ந்து இருக்க வேண்டும். ஆனால் நாம் கொடுப்பது 0 அல்லது 3.3 வோல்ட், மைனஸ் எதுவும் இல்லை. அதனால் சிப் ஒரு தந்திரம் செய்கிறது: ஆர்எஃப் வழி முழுவதையும் 3 வோல்ட்டுக்குப் பக்கத்தில் மிதக்க விடுகிறது. வழி 3 வோல்ட்டில் மிதக்கும்போது கேட்டில் 0 கொடுத்தால், பார்வைக்கு அது மைனஸ் 3. மூடிக்கொள்கிறது. என் போர்டில் நான் என்ன செய்திருந்தேன் என்றால், ஆன்டெனாவில் சேரும் ஸ்டாட்டிக் இறங்கட்டும் என்று கிரவுண்டுக்கு ஒரு காயில் போட்டிருந்தேன். டிசிக்குக் காயில் வெறும் கம்பிதானே. மிதக்க வேண்டிய வழியைக் கழுத்தைப் பிடித்துத் தரையில் உட்கார வைத்தாயிற்று. விளைவு, அடைக்க வேண்டிய கிளை அடையவே இல்லை. இரண்டு மடையும் திறந்து கிடக்க, ஆன்டெனாவுக்குப் போக வேண்டிய சக்தியில் பெரும்பங்கு வாங்கும் பக்கம் ஓடியது. பிஇ4259 இருந்தவரை ஆர்எஃப் காலில் வெளியில் இருந்து டிசி வராமல் இருந்தால் போதும், கிரவுண்டில் இருந்தாலும் அதற்குக் கவலை இல்லை. அதனால் முதல் பெட்டியில் அந்தக் காயில் எந்த வம்பும் செய்யவில்லை.

கண்டுபிடித்தது மல்டிமீட்டரில்தான். பெரிய கருவி எதுவும் வேண்டாம். அனுப்பாமல், கேட்கும் நிலையில் போர்டை வைத்துக்கொண்டு பொதுக்காலில் டிசி வோல்ட் பாருங்கள். கேலியம் ஆர்சனைடு வகையில் 3 வோல்ட்டுக்குச் சற்றுக் கீழே காட்ட வேண்டும். எனக்கு 0 காட்டியது. அப்போதுதான் அந்தச் சின்ன எழுத்து வரி கண்ணில் பட்டது. அனுப்பும் பக்கம் ஃபில்டரோடு ஒரு கெபாசிட்டர் ஏற்கெனவே இருந்தது. மற்ற இரண்டு கோட்டையும் பிளேடால் மெல்லிசாக வெட்டி, வெட்டின மேலேயே 0402 அளவில் 100 பைக்கோஃபாரட் வைத்துப் பற்றவைத்தேன். 866 மெகாஹெர்ட்ஸில் அது 2 ஓமுக்கும் குறைவு, இருப்பதே தெரியாது. சி0ஜி அல்லது என்பி0 என்று போட்ட வகையாக வாங்குங்கள். இப்போது நான் வரையும் எல்லாப் போர்டிலும் மூன்று கோட்டிலும் கெபாசிட்டருக்கு இடம் விட்டுவிடுகிறேன். சிமாஸ் போட்டால் அந்த இடத்தில் 0 ஓம் வைத்தால் போயிற்று.

உடம்பைப் பற்றிக் கொஞ்சம். எஸ்சி-70 ஆறு கால் உடம்பு சுமார் 2 மில்லிமீட்டர் நீளம், 1.25 அகலம், கால் இடைவெளி 0.65. நல்ல ஃப்ளக்ஸும் கூர்முனை அயர்னும் இருந்தால் கையிலேயே வைக்கலாம். மதுரை டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் செல்போன் பழுது பார்க்கிறவர்கள் மைக்ரோஸ்கோப்பும் ஹாட் ஏரும் வைத்துக்கொண்டு இதைவிடச் சின்னதை எல்லாம் டீ குடித்துக்கொண்டே வைப்பார்கள். கை நடுங்குகிறவர்கள் அவர்களிடம் கொடுப்பது கேவலம் ஒன்றும் இல்லை. கால் வெளியே தெரியாத, அடியில் கிரவுண்டு பேட் உள்ள வகை வாங்கினால் ஹாட் ஏர் கட்டாயம். அந்த வகையின் படத்தில் "மேலிருந்து" என்று இருக்கிறதா "கீழிருந்து" என்று இருக்கிறதா என்று பார்க்காமல் பேட் வரைந்தால் கண்ணாடியில் பார்த்த மாதிரித் திரும்பிவிடும். பத்துப் போர்டு எனக்கு அப்படிப் போனது.

கிரவுண்டு காலுக்கு ஒட்டியே வயா (போர்டின் ஒரு அடுக்கை இன்னொன்றோடு இணைக்கும் துளை) போடுங்கள், முடிந்தால் இரண்டு. 1 நானோஹென்ரி நீளமான பாதை 866 மெகாஹெர்ட்ஸில் 5 ஓமுக்கு மேல். சிப் உள்ளே கசிவைக் கிரவுண்டுக்கு இறக்கிவிடப் பார்க்கும், நீங்கள் அந்த வழியை நீட்டிவைத்தால் டேட்டாஷீட்டில் போட்ட 30 டெசிபெல் உங்களுக்குக் கிடைக்கவே கிடைக்காது. அப்புறம் கம்பெனிக்காரன் பொய் சொல்கிறான் என்போம். ஆர்எஃப் கோட்டின் அகலமும் அப்படித்தான். சாதாரண 1.6 மில்லிமீட்டர் எஃப்ஆர்-4 போர்டில் 50 ஓமுக்குக் கோடு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் அகலம் வேண்டும், சிப்பே 2 மில்லிமீட்டர். அதனால் இரண்டு பக்கமும் கிரவுண்டு நெருக்கி வரும்படி வரைந்து கோட்டைக் குறுக்குங்கள், அல்லது 0.8 மில்லிமீட்டர் போர்டுக்குப் போங்கள். போர்டு வரையும் மென்பொருளான கைகேடில் கணக்குப் போடும் கருவி இருக்கிறது, தலையால் கணக்குப் போட வேண்டாம்.

எம்எஸ்எல் என்று ஓர் எண் இருக்கும், ஈரம் குடிக்கும் குணத்தின் அளவு. 1 என்றால் கவலை இல்லை, எத்தனை நாளும் வெளியே கிடக்கலாம். 3 என்றால் பை பிரித்த பின் 168 மணி நேரம், அதுவும் 30 டிகிரிக்குள், 60 சதவீத ஈரப்பதத்துக்குள். சித்திரை மாதம் மதுரையில் எந்த அறை 30 டிகிரிக்குள் இருக்கிறது, சொல்லுங்கள். கடையில் கத்தரித்துக் கொடுத்த டேப் எப்போது பிரித்த பையில் இருந்து வந்தது என்று கடைக்காரருக்கே தெரியாது. ஈரம் குடித்த சிப்பை ரீஃப்ளோவில், அதாவது போர்டையே சூடாக்கிப் பற்றவைக்கும் அடுப்பில், ஏற்றினால் உள்ளே ஆவி விரிந்து உடம்பில் விரிசல் விடும், வெளியே ஒன்றும் தெரியாமலும் போகும். உலர வைக்க 125 டிகிரி சொல்வார்கள், ஆனால் டேப்போடு வைத்தால் டேப் உருகும். டேப்போடு என்றால் 40 டிகிரியில் நாள்கணக்கில் வைக்க வேண்டும். அயர்னில் ஒவ்வொரு காலாகத் தொட்டு வைக்கிறவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு, ஏனென்றால் உடம்பு முழுக்கச் சூடாவதில்லை.

வெப்பநிலையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அட்டவணையில் "வழக்கமான" அளவு என்று இருப்பதெல்லாம் 25 டிகிரியில் எடுத்தது. சித்திரை வெயிலில் மூடிய பிளாஸ்டிக் பெட்டி உள்ளே 60ஐத் தாண்டும். சூடானால் உள்ளிருக்கும் ரெசிஸ்டர் கூடும், இழப்பும் கூடும். அதனால் வடிவமைக்கும்போது வழக்கமானது என்ற பத்தியை விட்டுவிட்டு, குறைந்தது அல்லது அதிகபட்சம் என்ற பத்தியில் இருப்பதை எடுங்கள். இழப்புக்கு அதிகபட்சம், ஐசொலேஷனுக்குக் குறைந்தபட்சம். அந்த இரண்டு பத்தியும் காலியாக இருந்தால் கம்பெனி உங்களுக்கு எதையும் உறுதி சொல்லவில்லை என்று அர்த்தம். வேறு சிப் பாருங்கள்.

கையில் நானோவிஎன்ஏ என்ற, ஆர்எஃப் இழப்பை அளக்கும் சின்னக் கருவி இருந்தால் போர்டு வந்ததும் அளந்துபாருங்கள். ஒரு தனித் துண்டுப் போர்டில் மூன்று எஸ்எம்ஏ முனை வைத்து, இரண்டைக் கருவியில் மாட்டி, மூன்றாவதில் 50 ஓம் டெர்மினேஷன் போட்டுவிடுங்கள். மூன்றாவதைச் சும்மா விட்டால் ஐசொலேஷன் எண் கண்டபடி ஆடும். அளக்கும் முன் கேலிபரேஷனைக் கேபிளின் நுனியில் செய்யுங்கள், கருவியின் வாயில் அல்ல. டேட்டாஷீட் 0.35 சொன்ன இடத்தில் எனக்கு 0.6 வந்தது. மீதி கோடும் முனையும் குடித்தது. ஸ்விட்ச் இல்லாமல் அதே நீளத்துக்கு ஒரு வெறும் கோடு அதே போர்டில் வரைந்து அதையும் அளந்து கழித்தால் உண்மை தெரியும். முதல் தலைமுறை நானோவிஎன்ஏ 900 மெகாஹெர்ட்ஸ் வரைதான் நம்பிக்கையாக அளக்கும், நம் 866 அதற்குள் வந்துவிடுகிறது. 2.4 பார்க்கிறவர்களுக்கு அது போதாது. கருவிக்குள் டிசி போகக்கூடாது, கெபாசிட்டர் இல்லாத கேலியம் ஆர்சனைடு போர்டை நேராக மாட்டிவிடாதீர்கள். அப்புறம், இந்தக் கருவி அனுப்புவது மிகச் சின்ன சக்தி, பி1டிபி எல்லாம் இதில் தெரியாது. அதற்கு டேட்டாஷீட்டைத்தான் நம்ப வேண்டும்.

கெபாசிட்டர் வைத்த பிறகு இரண்டு பெட்டியையும் ஒரே கூரையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, வீட்டில் வரும் சிக்னலை ஒரு நாள் முழுக்கக் குறித்துப் பார்த்தேன். ஒன்றுக்கொன்று ஒரு டெசிபெல் அளவில்தான் வித்தியாசம். மாமாவுக்கு டெசிபெல் எல்லாம் தேவையில்லை, காலையில் பெட்டி கத்தியதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். போர்டின் பின்பக்கம் மார்க்கரால் எந்தச் சிப், எந்தத் தேதி என்று எழுதியிருக்கிறேன், அடுத்த முறை ஸ்டாக் இல்லை என்று யாராவது சொல்லும்போது திருப்பிப் பார்க்க.